கியா பார்முக்கு மேலே

ஏதென்ஸுக்குத் தென்கிழக்கே, லாவ்ரியோ துறைமுகத்தில் படகேறினால் ஒரு மணி நேரத்தில் கியா தீவுக்குப் போய்விடலாம். சுமார் 130 சதுர கிலோமீட்டர் பரப்பு. மத்தியதரைக் கடலின் ஒரு மூலையான ஏஜியனில் இந்த மாதிரிச் சிறு தீவுகள் ஏராளம். பேர்போன தீவுகளுக்கு உலகமே போகிறது. கியாவுக்குப் பெரும்பாலும் ஏதென்ஸ்காரர்கள்தான் வார இறுதியில் போகிறார்கள். பழங்காலக் கவிஞர் சைமோனிடிஸ் பிறந்த மண் அது. டைட்டானிக்கின் தங்கைக் கப்பலான பிரிட்டானிக் 1916 நவம்பர் 21 அன்று மூழ்கியது அந்தத் தீவின் ஓரத்தில்தான். பாறையில் செதுக்கிய ஒரு சிங்கம் 2,500 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே படுத்துக் கிடக்கிறது, முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்போடு.

அங்கே போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மலேசிய வெள்ளியை யூரோவாக மாற்றிப் பார்க்கும்போதெல்லாம் ஆசை தானாக அடங்கிவிடும். கேமரன் மலையிலும் ஒரு கியா உண்டு: கியா பார்ம். ஈப்போவில் குடியிருப்பவனுக்கு அது அரைநாள் தூரம். சரி, கைக்கு எட்டிய கியாவுக்குப் போவோம் என்று கிளம்பினேன்.

கிளம்புமுன் கிரேக்கத் தீவைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. ஸ்திராபோ என்ற பழைய புவியியலாளர் அதைக் குறித்து வைத்திருக்கிறார். அறுபது வயதைத் தாண்டியவர்கள் நஞ்சு குடித்துவிட வேண்டும் என்று அங்கே சட்டம் இருந்ததாம். மிச்சம் இருப்பவர்களுக்குச் சாப்பாடு போதவேண்டும் என்பதற்காக. நடந்ததோ, அண்டைத் தீவுக்காரர்கள் கட்டிவிட்டதோ, அதில் ஒரு சிறு தீவின் கணக்கு இருக்கிறது. மண் கொஞ்சம். தண்ணீர் கொஞ்சம். உழைக்க முடியாத வாய் ஒவ்வொன்றும் அங்கே ஒரு கேள்வி. இந்தக் கணக்கு என்னோடு மலையேறி வந்தது.

ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக மேலே போவது சுலபம். 2000-களின் தொடக்கத்தில் திறந்த அகலச் சாலை, வளைவுகளும் தாராளமானவை. நான் வேண்டுமென்றே தாப்பா வழியைப் பிடித்தேன். ஒரு தீவுக்குப் போகிறவன் படகில் கொஞ்சமாவது தலைசுற்ற வேண்டாமா? தாப்பா சாலை அந்தக் குறையை வைக்கவில்லை. லாத்தா இஸ்கண்டார் அருவி வருவதற்குள் பேருந்தில் இரண்டு குழந்தைகள் வாந்தியெடுத்துவிட்டன. முன் இருக்கையில் இருந்த பாட்டி ஆரஞ்சுத் தோலை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

இந்தச் சாலை போடப்படும் முன்பு மேலே ஒரு பீடபூமி இருக்கிறதா இல்லையா என்பதே ஒரு வழக்காக இருந்தது. பழைய கடல் வரைபடங்களில் சில தீவுகள் உண்டு: ஒரு மாலுமி பார்த்தேன் என்று குறித்துவிடுவான், அடுத்தவன் தேடிப்போனால் வெறும் தண்ணீர். இதுவும் அப்படித்தான். வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885-ல் பகாங், பேராக் எல்லையை வரையப்போன இடத்தில், மலைகள் சூழ்ந்த, மெல்லச் சரியும் அகன்ற மேட்டுநிலம் ஒன்றைப் பார்த்ததாக எழுதினார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். அவர் சொன்ன இடம் எது என்பதைப் பின்னால் வந்தவர்களால் திட்டமாகப் பிடிக்க முடியவில்லை. 1925-ல் பிரிட்டிஷ் அதிகாரி சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் மேலே போய்ப் பார்த்து, இங்கே ஒரு மலைவாசத்தலம் அமைக்கலாம் என்ற பிறகுதான் வேலை தொடங்கியது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவரை சாலை முடிந்தது 1931-ல். கேமரனோடு காட்டுக்குள் போன குலோப் ரியாவ் என்ற மலாய்க்காரரின் பெயர் எந்த மலைக்கும் இல்லை. சாலை வெட்டிய கூலிகளின் பெயரைப் பற்றிப் பேச்சே இல்லை.

அந்த மேட்டுநிலம் யாரும் கண்டுபிடிப்பதற்காகக் காத்துக் கிடக்கவும் இல்லை. செமாய் பழங்குடி மக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள். இன்றும் அருவிக்கு மேலே சாலையோரம் மூங்கில் குடில் போட்டுப் பெத்தாயும் காட்டுத் தேனும் விற்கிறார்கள். 2019 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் கேமரன் மலைத் தொகுதி ரம்லி முகமது நோரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. மக்களவைக்குள் நுழைந்த முதல் ஓராங் அஸ்லி, அதாவது பழங்குடிக்காரர், அவர். அதுவரை அது மலேசிய இந்தியர் காங்கிரசின் தொகுதி என்றே நம்மவர்கள் பேசிப் பழகியிருந்தோம். இந்த மலையில் நமக்கு முன்னால் வந்தவர்கள் இருக்கிறார்கள் என்பது நமக்கும் நினைவுக்கு வரத் தாமதமாகத்தான் செய்தது.

ரிங்லெட் வந்ததும் பகாங். அதை அடுத்து ஏரி. 1963-ல் கட்டிய சுல்தான் அபு பாக்கார் அணையால் உண்டானது, மின்சாரத்துக்காக. நீர் தெளிந்து நிற்கும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் கிடக்கிறது. மேலே சரிவுகளை வெட்டியெடுத்த மண் ஒவ்வொரு மழைக்கும் இறங்கி இங்கே படிகிறது. ஏரியில் வண்டல் ஏற ஏற, தண்ணீருக்கு இடம் குறைகிறது. 2013 அக்டோபரில் கனமழையில் அணையைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளும் உயிர்களும் போயின.

அந்த மண் எங்கிருந்து வருகிறது என்பது இன்னும் மேலே ஏறினால் தெரியும். தானா ராத்தா, பிரிஞ்சாங் தாண்டிக் கியா பார்மை நெருங்கும்போது மலை முழுக்க வெள்ளை. பனியும் இல்லை, மேகமும் இல்லை, பிளாஸ்டிக். காய்கறித் தோட்டங்களின் கூரை. சரிவு சரிவாக, ஒன்றை ஒன்று ஒட்டி, பள்ளத்தில் தொடங்கி முகடுவரை. பூச்செடிகளுக்காக இரவில் உள்ளே விளக்குப் போட்டால் மலையே எரிகிறது. உச்சிக் காடும் தேயிலையும் இந்த வெள்ளைக்கு நடுவே ஆங்காங்கே பச்சையாகத் தலைநீட்டுகின்றன. இந்தத் தீவுக்குக் கடல் எங்கே என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். ஆண்டுக்கு ஆண்டு மட்டம் ஏறும் கடல்.

வேளாண்மை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஈப்போ சந்தையில் நான் வாங்கும் முட்டைக்கோசும் சிங்கப்பூர்க்காரர் வாங்கும் கீரையும் இங்கிருந்துதான் இறங்குகின்றன. சரிவைத் தட்டையாக்கி, ஓடையை மூடி, அனுமதி வாங்காத நிலத்தில் கூரை போட்டு, பிறகு வெள்ளம் வந்ததும் வானத்தைக் குறைசொல்வதுதான் பொறுக்கவில்லை.

கியா பார்ம் ஒரு சந்தை. சுமார் 1,600 மீட்டர் உயரத்தில், சாலையின் ஒரு பக்கம் முழுக்கக் கடைகள். ஸ்ட்ராபெரி, அவித்த சோளம், சர்க்கரைவள்ளி, தேன், கள்ளிச்செடி, ஸ்ட்ராபெரி வடிவத்தில் தலையணை, ஸ்ட்ராபெரி வடிவத்தில் சாவிக்கொத்து, ஸ்ட்ராபெரி படம் போட்ட சாக்ஸ். கடைக்காரர்கள் பெரும்பாலும் சீனர்கள். பொட்டலம் கட்டுவது வங்காளதேசத்துப் பையன்கள். வாங்குவது சமவெளியிலிருந்து ஏறிவந்த எல்லா இனமும். பள்ளி விடுமுறையில் இந்த இடத்தைக் காரில் கடப்பதற்குள் ஒரு படம் பார்த்து முடிக்கலாம். அடுத்த ஊரான திரிங்காப்பில் லாவண்டர் தோட்டம் வைத்திருக்கிறார்கள். மத்தியதரைக் கடலோர வெயிலில் விளைகிற செடி, இங்கே மழைக் குளிரில் நின்றுகொண்டு படம் எடுக்கப்படுகிறது. பாவம்.

என் மனம் சந்தையில் இல்லை. சந்தையை ஒட்டி ஒரு குறுகிய சாலை மலைமேல் ஏறுகிறது. ஒரு வண்டி வந்தால் இன்னொன்று ஒதுங்கி நிற்க வேண்டும். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்கும் அதைத் தாண்டிப் பிரிஞ்சாங் மலை உச்சிக்கும் அதுதான் வழி. கேமரனில் பழைய லேண்ட் ரோவர்கள் இன்னும் ஓடுகின்றன, காய்கறிக் கூடை ஏற்றிக் கதவு பிதுங்கிப் போனவை. அப்படி ஒன்றை வாடகைக்குப் பேசினேன். ஓட்டி வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். தோட்டத்தில் பிறந்தவன், இப்போது வெளியிலிருந்து வருகிறவர்களுக்குத் தோட்டம் காட்டுகிறான்.

"பசியாறிட்டீங்களா அண்ணே?" என்றான். பிற்பகல் இரண்டு மணிக்கு இந்தக் கேள்வி மலேசியத் தமிழனிடம் மட்டும்தான் வரும்.

முதல் திருப்பத்திலேயே பிளாஸ்டிக் மறைந்தது. அடுத்ததில் தேயிலை. எத்தனை படம் பார்த்திருந்தாலும் அந்த முதல் பார்வைக்கு மனிதன் தயாராவதில்லை. குன்று குன்றாகப் பச்சை, நடுவில் செடிகளுக்கிடையே ஓடும் நடைபாதைக் கோடுகள், பள்ளத்தில் தகரக்கூரை போட்ட லயன் வீடுகள், ஒரு கோயில், ஒரு திடல். நான் பேராக் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். அங்கே மரம் வானத்தை மறைக்கும். இங்கே மறைக்க எதுவும் இல்லை. ஒருவர் வேலைக்குக் கிளம்பினால் எதிர்க் குன்றில் இருந்து பார்க்கலாம்.

இந்தத் தோட்டத்தை வைத்திருக்கும் போ தேயிலைக் கம்பெனியை ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் 1929-ல் தொடங்கினார். தேயிலை தெரிந்தவராக இலங்கையிலிருந்து மில்ன் என்ற தோட்டக்காரர் கூட்டாளியானார். ஒரு நீராவி உருளையும் கோவேறு கழுதைகளும் கூலிகளும் கொண்டு ஹாபுவில் காட்டை அழித்தார்கள் என்பது கம்பெனி வரலாறு. அது எந்த ஆண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். உலகச் சந்தை விழுந்த ஆண்டு. அடுத்த சில ஆண்டுகளில் ரப்பர் விலை தரையைத் தொட்டு, மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக் கணக்கில் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பினார்கள். கீழே ஆளை அனுப்பிக்கொண்டிருந்த அதே காலத்தில் மேலே ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். 1938-ல் இந்திய அரசு தொழிலாளர்களை அனுப்புவதைத் தடைசெய்ததும் அந்த வாசலும் மூடிற்று. வந்தவர் வந்தவரே. மலையேறிய ஒரு தலைமுறைக்குப் பின்னால் படகு இழுக்கப்பட்டுவிட்டது.

தோட்டம் ஒரு தீவு என்று நான் சொல்வதில் அழகுக்காகச் சேர்த்தது எதுவும் இல்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணியடித்தது தோட்டம். வேலை கொடுத்தது, வீடு கொடுத்தது, தண்ணீர் விட்டது, அரிசியைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது தோட்டம். துரை ஒரு குன்றின் மேல், கிராணி அதற்குக் கீழே, மண்டோர் அதற்கும் கீழே, மிச்சப்பேர் லயத்தில். பிள்ளையைப் போட்டுவிட்டுப் போக ஆயாக்கொட்டகை, கொஞ்சம் வளர்ந்ததும் தோட்டத் தமிழ்ப்பள்ளி. மாதம் ஒருமுறை திடலில் திரை கட்டிப் படம். மோட்டார் சைக்கிளில் ரொட்டிக்காரர் வந்தால்தான் வெளியுலகம். சாலை ஒன்று; அது மண்சரிந்து அடைபட்டால் வெளியுலகம் இல்லை. 1948-ல் அவசரகாலம் அறிவித்ததும், காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இருக்கிறார்கள் என்று ஊரடங்கும் அரிசிக் கட்டுப்பாடும் வந்தன. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் மலைத்தோட்டக்காரன் காவல் இல்லாமல் கீழே இறங்குவதே ஆபத்து.

சமவெளியில் ரப்பர் தோட்டங்களை 1950-களிலும் 60-களிலும் துண்டாடி விற்றார்கள், பிறகு செம்பனை வந்தது, பிறகு வீடமைப்பு. நான் வளர்ந்த லயம் இருந்த இடத்தில் இன்று கார் கழுவும் கடை இருக்கிறது. தேயிலைத் தோட்டம் அப்படிக் கலையவில்லை. செங்குத்துச் சரிவில் வீடமைப்பு எளிதல்ல, தேயிலை மண்ணைப் பிடித்து நிற்கும். ஆகவே இந்த மலையில் ஒரு பழைய உலகம் தன் வடிவம் மாறாமல் தங்கிவிட்டது. நம்மவர்களுக்கு ஏன் இந்த இடத்தின் மேல் இத்தனை பாசம் என்றால் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கீழே தொலைத்ததை மேலே போய்ப் பார்க்கிறோம்.

அதில் ஒரு ஆபத்தும் உண்டு. பார்க்க வருகிறவன் லயத்தைப் படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுவான். லயத்துக் கூரை ஒழுகுவது அவனுக்குத் தெரிய வேண்டியதில்லை.

சுங்கை பாலாஸில் தேநீர்க்கூடம் ஒன்றைப் பள்ளத்தாக்கின் மேல் நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். இரும்பும் கண்ணாடியும். கோப்பையை வைத்துக்கொண்டு நின்றால் காலுக்குக் கீழே செடிகள். பக்கத்தில் ஆலை; சுற்றிப் பார்க்கலாம். இலையை வாட்டுகிறார்கள், உருட்டுகிறார்கள், காற்றோடு சேர்ந்து சிவக்க விடுகிறார்கள், உலர்த்துகிறார்கள், சலிக்கிறார்கள். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள். வாட்டும் தட்டுகளின் பக்கம் நிற்கும்போது வரும் வாசனை தேநீருடையது அல்ல; வெட்டிய புல்லும் ஈரமும் பழமும் கலந்த ஒன்று. அதற்காகவே இன்னொரு சுற்று வந்தேன்.

வெளியே சரிவில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். நம் மனத்தில் இருக்கும் படம் முதுகில் கூடை கட்டிய பெண். அந்தப் படம் இங்கே கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. சரிவு இடம் கொடுக்கும் இடங்களில் இரண்டு ஆண்கள் நிரைக்கு இருபுறமும் நின்று ஒரு இயந்திரத்தைப் பிடித்துச் செடியின் தலையை வழித்துக்கொண்டே போகிறார்கள். பின்னால் நீண்ட பை காற்றில் உப்பிக்கொண்டு வருகிறது. மற்ற இடங்களில் பெட்டி வைத்த கத்தரி. சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்ப வருவார்கள். கவாத்து ஒழுங்காக நடந்தால் தேயிலை நூறு ஆண்டுகூட இருக்கும். 1930-களில் நட்டவற்றிலும் இன்னும் கொழுந்து எடுக்கிறார்கள்.

எடுக்கிறவர்கள் யார்? தம்பி கைநீட்டிக் காட்டினான். "அவங்க ரெண்டு பேரும் வங்காளதேசம். மேலே நிக்கிறவரு நேப்பாளம். அங்க தொப்பி போட்ட அக்கா இந்தோனேசியா."

"நம்ம ஆளுங்க?"

"நம்ம ஆளுங்க கோயில் கமிட்டில இருக்காங்க," என்றான், சிரிக்காமல்.

இதைத் துக்கமாகச் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. செடிக்குச் செடி குனிந்த ஒரு சமூகத்தின் பிள்ளைகள் ஆசிரியராகவும் மெக்கானிக்காகவும் தாதியாகவும் ஆகிக் கீழே போனால் அது நல்ல செய்தி. தம்பியின் அக்கா கணக்காளர். அவனே இரண்டு ஆண்டு சிங்கப்பூரில் இருந்துவிட்டு வந்தவன்தான். தீவுகள் காலியாவது இப்படித்தான். கிரேக்கத் தீவுகளிலும் இலங்கையின் நெடுந்தீவிலும் இதுவே நடந்தது. படிக்கப்போன பிள்ளை திரும்புவதில்லை. திரும்பினால் திருவிழாவுக்கு. தைப்பூசத்தன்று பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி கோயிலைப் பார்த்தால் தோட்டங்கள் நிரம்பி வழிகின்றன என்றே தோன்றும். மறுநாள் கார்கள் இறங்கிப் போய்விடும்.

தேயிலை முடிகிற இடத்தில் சாலை இன்னும் ஏறுகிறது. பிரிஞ்சாங் மலை 2,000 மீட்டருக்குச் சற்று மேலே. தீபகற்ப மலேசியாவில் கார் போகும் உயரமான சாலை இதுவே. உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள், ஒரு பார்வைக் கோபுரம். அதற்குச் சற்று முன்னால் பாசிக்காடு. வனத்துறை போட்ட மரப்பாலத்தில் நடந்தேன்.

காடு என்றால் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். இங்கே மரங்கள் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே, முறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு கிளையும் பாசியால் கனத்து நிற்கின்றன. மழை பெய்யாதபோதும் சொட்டுகிறது; மேகமே காட்டுக்குள் புகுந்து இலைமேல் தண்ணீராகிறது. காலுக்குக் கீழே மண் இல்லை. மக்கி முடியாத இலையும் வேரும் கறுத்த மெத்தையாகக் கிடக்கின்றன. அதில் சத்து குறைவு. ஆகவே குடுவைச்செடிகள் பூச்சி பிடித்துத் தின்கின்றன. ஒரு குடுவைக்குள் எட்டிப் பார்த்தேன்: இரண்டு எறும்பு, ஒரு கொசு, பாதி கரைந்த ஏதோ ஒன்று. மலாயா மலைகளை விட்டு உலகில் வேறெங்கும் இல்லாத கருநீலச் சீட்டிப்பறவை ஒன்று இங்கே இருக்கிறது. அதன் சத்தம் கேட்டதாகத் தம்பி சத்தியம் செய்தான். எனக்குச் சொட்டும் சத்தம்தான் கேட்டது.

உயிரியல்காரர்கள் இத்தகைய உச்சிகளை வானத்துத் தீவுகள் என்கிறார்கள். உலகம் குளிர்ந்திருந்த பழைய யுகத்தில் குளிர்விரும்பும் செடிகள் தாழ்ந்த சரிவுகளிலும் பரவியிருந்தன. வெப்பம் ஏற ஏற அவை மேலே மேலே ஒதுங்கி, கடைசியில் உச்சிக்கு உச்சி தனித்தனியாக மாட்டிக்கொண்டன. இடையில் இருக்கும் சமவெளி அவற்றுக்கு நீந்த முடியாத கடல். நூறு மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்கு மேல் குளிர் கூடும். வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் செடி கிட்டத்தட்ட 200 மீட்டர் மேலே போக வேண்டும். பிரிஞ்சாங் உச்சியில் நிற்கிற செடி எங்கே போகும்? அதற்கு மேலே இருப்பது தொலைத்தொடர்புக் கோபுரம்.

கேமரன் மலையில் வயதானவர் யாரிடம் பேசினாலும் முதலில் வருவது குளிர் பற்றிய பேச்சுதான். அந்தக் காலத்தில் வாயைத் திறந்தால் புகை வரும், கம்பளியை மத்தியானத்திலும் கழற்ற மாட்டோம், இப்போது பாருங்கள், என்று சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டுவார்கள்.

மாலையில் கியா பார்ம் சந்தைக்குத் திரும்பினோம். கடை மூடும் நேரம். சந்தைக்குப் பின்னால் ஒரு ஒட்டுக்கடையில் பால் சேர்க்காத தே ஓ குடிக்க உட்கார்ந்தேன். சோளக்கடையில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த ஒருவர் வந்து எதிரில் அமர்ந்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். தோள் இன்னும் இறுக்கம். தோட்டக்காரர் என்று கையைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் வேலை செய்த தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். அவர் சொன்னது ஒரு தோட்டத்துக் கதை அல்ல.

அவருடைய அப்பா திருச்சிப் பக்கத்திலிருந்து சிறுவனாக வந்தவர், கங்காணியின் கையைப் பிடித்துக்கொண்டு. அப்பா கொழுந்து சுமந்தார், அம்மா எடுத்தார். இவர் லயத்திலேயே பிறந்து, தோட்டப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, மருந்தடித்து, கவாத்து வெட்டி, கடைசிப் பதினைந்து ஆண்டு ஆலையில் உலர்த்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றார். மலேசியாவில் 2013 ஜூலையிலிருந்து தனியார் துறைக்கும் குறைந்தபட்ச ஓய்வு வயது அறுபது. இவருக்கு அறுபது வந்தது. மாலை போட்டார்கள், ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். தோட்ட வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. கொஞ்ச காலம் இருந்துகொள்ளலாம் என்றார்கள். அதற்குள் இடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு ஸ்திராபோவின் வரி நினைவுக்கு வந்தது. இங்கே யாரும் நஞ்சுக் கிண்ணம் நீட்டவில்லை, அது உண்மை. சேமநிதி இருக்கிறது, சமூகப் பாதுகாப்புக்குச் சொக்சோ இருக்கிறது, மாலை இருக்கிறது. ஆனால் உழைப்பு தீர்ந்தவருக்குத் தீவில் இடம் இல்லை என்ற கணக்கு அதே கணக்குதான். ஏஜியன் தீவில் மண்ணாவது அந்த மக்களுடையது. இவர் பிறந்து, தொண்ணூறு ஆண்டாக அவர் குடும்பம் வாழ்ந்த மலையில் அவருக்கு ஒரு பூந்தொட்டி அளவு நிலம் கிடையாது. தோட்டத் தொழிலாளர்களுக்குச் சொந்த வீடு என்ற பேச்சு 1970-களிலிருந்தே நடக்கிறது. சில இடங்களில் வீடும் எழுந்திருக்கிறது. கேமரனில் நிலத்தின் விலையைக் கேட்டால் அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்று புரிந்துவிடும். ஒரு காய்கறி முதலாளியால் ஒரே ஆண்டில் ஒரு சரிவைச் சமப்படுத்திக் கூரை போட முடிகிறது. தொண்ணூறு ஆண்டு சரிவைக் காத்த குடும்பத்துக்கு ஒரு மூலை ஒதுக்க முடிவதில்லை. இதற்கு நிலம் குறைவு என்பதைக் காரணமாகச் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

"அப்ப இப்ப எங்க அண்ணே இருக்கீங்க?"

"இங்கதான், ஒரு ரூம்பு. வாடகை. சோளக்கடையில நாள்கூலி. அடுத்த மாசம் இறங்கிடுவோம். பீடோர்ல வீடு வாங்கியாச்சு. மலிவு விலை வீடு. சேமநிதில முக்காவாசி அதுக்கே போச்சு."

பீடோர் தாப்பாவை ஒட்டிய சமவெளி ஊர். நல்ல ஊர்தான், மருத்துவமனை பக்கம், பேருந்து உண்டு, கோயில் உண்டு. பிற்பகலில் வெயில் மண்டையைப் பிளக்கும்.

"அண்ணிக்குப் பிடிச்சிருக்கா?"

"அவளுக்கு மண்ணுதான் குறை. சிமெண்டுத் தரை, பின்னால ரெண்டடி சந்து. இங்க லயத்துப் பின்னால அவரை, பூசணி, டேலியா எல்லாம் போட்டிருந்தா. அங்க டேலியா வருமாங்குறா. நான் என்னத்தக் கண்டேன்?" டேலியா சமவெளி வெயிலில் வராது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை, அவருக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும்.

தேநீரை முடித்தார். நான் ஈப்போக்காரன் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் ஒரு காரியக் களை வந்தது. நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"தம்பி, நான் பொறந்ததுல இருந்து வீட்டுல காத்தாடி வச்சதே இல்ல. ஒரு ஹாலு, ரெண்டு ரூம்பு. எத்தன காத்தாடி வேணும்? மேல தொங்குறது நல்லதா, தரையில நிக்கிறதா?"

தொங்குவது இரண்டு, நிற்பது ஒன்று போதும் என்றேன். மூன்று இறக்கையா ஐந்து இறக்கையா என்று கேட்டார். மூன்றுக்கும் ஐந்துக்கும் காற்றில் என்ன வித்தியாசம், மின்கட்டணம் எவ்வளவு கூடும், ஈப்போவில் எந்தத் தெருவில் மலிவு, மாட்டிக்கொடுக்க ஆள் தனியாகப் பிடிக்க வேண்டுமா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய சம்பளச் சீட்டை எடுத்து, அதன் பின்பக்கத்தில் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார்.